குழந்தைகளுக்கு உருவப்படமும் தன்னுருவப்படமும் கற்றுத்தருதல்

ஏழு வயதுக் குழந்தையின் எதிரில் ஒரு கண்ணாடியை வைத்து, தாளையும் பென்சிலையும் கொடுத்து, உன் முகத்தை வரை என்று சொல்லிப் பாருங்கள். குழந்தை கண்ணாடியை ஒரு முறை பார்க்கும், சிரிக்கும், பிறகு குனிந்து, மறுபடி நிமிராமலேயே ஒரு வட்டம், அதன் மேற்பகுதியில் இரண்டு கண்கள், நடுவில் ஒரு மூக்கு, கீழே வளைந்த ஒரு வாய் என்று வரைந்து முடித்துவிடும். கண்ணாடியில் தெரிந்த முகத்துக்கும் தாளில் வந்த முகத்துக்கும் பெரிய தொடர்பு இருக்காது. இதைக் குறை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முகத்தில் என்னென்ன இருக்கும் என்பது குழந்தைக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததையெல்லாம் அது விடாமல் பதிந்து வைத்திருக்கிறது. குழந்தைகளின் ஓவியங்களை நெடுங்காலம் ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லூக்கே, கண்ணுக்குத் தெரிவதை வரையும் பருவத்துக்கு முன் மனம் அறிந்ததை வரையும் ஒரு பருவம் உண்டு என்று 1927இல் வெளியான தம் நூலில் விளக்கியிருக்கிறார்.

ஆகவே உருவப்படப் பாடத்தில் ஆசிரியரும் பெற்றோரும் செய்ய வேண்டிய வேலை, குழந்தையின் பார்வையைத் தாளிலிருந்து கண்ணாடிக்குத் திரும்பத் திரும்பக் கொண்டுபோவதுதான். சாயல் பொருந்துவதும் கோடு நேர்த்தியாக வருவதும் அதன் பின்னால் தாமாக வரும். வராவிட்டாலும் பாடம் வீணாகிவிடாது.

பாடத்துக்கு முன்

ஒவ்வொரு குழந்தைக்கும் தன் முகம் முழுவதும் தெரியும் அளவில் ஒரு கண்ணாடி வேண்டும். இருவருக்கு ஒன்று என்று கொடுத்தால் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். உடையாத அக்ரிலிக் கண்ணாடி நல்லது. சாதாரணக் கண்ணாடியானால் விளிம்பு முழுவதும் ஒட்டுநாடா ஒட்டிவிட வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு வரைய முடியாதாகையால், புத்தக அடுக்கின் மேல் சாய்த்து, குழந்தையின் கண் மட்டத்துக்கு வரும்படி நிறுத்த வேண்டும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும். சன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் மூக்கின் ஒரு புறம் நிழல் விழும், கன்னத்தின் திரட்சி தெரியும். நேர் எதிரிலிருந்து வெளிச்சம் வந்தால் முகம் தட்டையாகிவிடும்.

2பி அல்லது 4பி என்று குறியிட்ட மென்மையான பென்சில் போதும். ரப்பரைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து. ரப்பர் கையில் இருக்கும் குழந்தை முதல் கண்ணை ஐந்து முறை அழித்து எழுதி, தாளைக் கிழித்து, இரண்டாவது கண்ணுக்கு வருவதற்குள் சலித்துப்போகும். தவறிய கோட்டின் பக்கத்திலேயே சரியான கோட்டைப் போடலாம் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

கண்ணாடிக்குப் பதிலாகக் கைபேசி வேண்டாம். கைக்கெட்டும் தொலைவில் எடுத்த படத்தில் மூக்கு பெரிதாகவும் காதுகள் உள்வாங்கியும் தெரியும். அதைவிட முக்கியமான காரணம், படம் அசைவதில்லை என்பது. கண்ணாடியிலுள்ள முகம் சிமிட்டுகிறது, சாய்கிறது, சிரிப்பை அடக்குகிறது. அதில் எதை வரைவது என்று குழந்தை ஒவ்வொரு முறையும் தானே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஓவியர்களின் முகங்களைப் பார்ப்பது

வரையத் தொடங்குவதற்கு முன் நல்ல உருவப்படங்கள் மூன்றோ நான்கோ காட்டினால் போதும். இருபது படங்களை வரிசையாக ஓட்டிக் காட்டினால் ஒன்றும் மனத்தில் நிற்காது. ஒவ்வொரு படத்தின் முன்னும் சில நிமிடங்கள் பேச்சில்லாமல் பார்க்கவிட்டு, அதன் பிறகு கேள்வி கேட்க வேண்டும். ஓவியரின் பெயரும் காலமும் கடைசியில் வரட்டும்.

முதற்படமாக நான் பரிந்துரைப்பது ஆல்பிரெக்ட் டியூரர் 1484இல், தம் பதின்மூன்றாம் வயதில், கண்ணாடியைப் பார்த்து வரைந்த தன்னுருவப்படம். வியன்னாவிலுள்ள ஆல்பெர்டினா அருங்காட்சியகத்தில் அது இருக்கிறது. சிறுவனாக இருந்தபோது கண்ணாடியில் பார்த்து வரைந்தேன் என்று பின்னாளில் அவரே அதன் மேற்பகுதியில் எழுதி வைத்தார். பூச்சுப் பூசிய தாளில் வெள்ளிக் கம்பியால் வரைந்த படம் அது. அவ்வாறு விழுந்த கோட்டை எளிதில் அழிக்க முடியாது. ரப்பர் கேட்டு அடம்பிடிக்கும் குழந்தைக்கு இந்தச் செய்தி நன்றாகவே புரியும். தன் வயதை ஒத்த ஒருவன் வரைந்தது என்பதால் மூத்த குழந்தைகள் இந்தப் படத்தை மற்றவற்றைவிடக் கூர்ந்து பார்ப்பார்கள், சிலர் பொறாமையோடும்.

இரண்டாவது, ரெம்பிராண்ட் 1630இல் செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட சிறு படம். கண்களை அகலத் திறந்து, உதடுகளைக் குவித்து, எதையோ கண்டு திகைத்தவர்போல் இருப்பார். அசல் ஐந்து சென்டிமீட்டர் அளவே இருக்கும். அதே அளவில் ஒரு தாள் துண்டை வெட்டிக் குழந்தையின் உள்ளங்கையில் வைத்தால், திரையில் பெரிதாகப் பார்த்த முகம் எவ்வளவு சிறியது என்பது விளங்கும். ரெம்பிராண்ட் வாழ்நாளில் தம்மை ஏறத்தாழ 40 முறை வண்ணத்திலும் முப்பதுக்கும் மேற்பட்ட முறை அச்சுத் தகட்டிலும் பதிவு செய்தவர். இளமையில் செய்த சில படங்களில் சினந்தும் சிரித்தும் முகத்தைச் சுளித்தும் பார்த்திருக்கிறார்; மற்றவர்களின் உணர்ச்சிகளைத் தீட்டுவதற்கான பயிற்சிக்குத் தம் முகமே அவருக்குக் கைவசம் இருந்தது.

இங்கே சற்று நிறுத்தி, எல்லாரையும் கண்ணாடி முன் திகைத்த முகம் காட்டச் சொல்லுங்கள். பிறகு கோபம், பிறகு தூக்கம். ஒவ்வொன்றிலும் எது நகர்ந்தது என்று கேட்க வேண்டும். வாய்தான் என்று முதலில் எல்லாரும் சொல்வார்கள். வாயைக் கையால் மூடிக்கொண்டு மறுபடி கோபித்துக்கொள்ளச் சொன்னால், புருவத்தின் உள்முனை கீழிறங்குவதையும் கண்ணின் மேல்இமை பாதி மறைவதையும் மூக்கின் வேரில் மடிப்பு விழுவதையும் அவர்களே கண்டுபிடிப்பார்கள். சிரிப்பதற்கு மேல்வளைவு, அழுவதற்குக் கீழ்வளைவு என்று பழகிப்போன இரண்டு கோடுகளிலிருந்து குழந்தைகளை விடுவிப்பதற்கு இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது படம் பிரீடா காலோவுடையது. 1940இல் தீட்டிய ஒரு தன்னுருவப்படத்தில் கழுத்தைச் சுற்றி முள்மாலை, ஒரு தோளுக்குப் பின்னால் குரங்கு, இன்னொரு பக்கம் கறுப்புப் பூனை, பின்னணி முழுவதும் இலைகள் இருக்கும். 1925இல், பதினெட்டு வயதில், பேருந்து விபத்தில் பலத்த காயமடைந்து படுக்கையிலிருந்தபோது, கட்டிலுக்கு மேலே பொருத்திய கண்ணாடியில் தம்மைப் பார்த்து வரையத் தொடங்கியவர் அவர். சேர்ந்த புருவங்களை அவர் மறைக்கவில்லை, அழுத்தமாகவே தீட்டினார். இந்தப் படத்தின் முன் கேட்க வேண்டிய கேள்வி: முகத்தைத் தவிர என்னென்ன இருக்கின்றன, அவற்றை யார் அங்கே வைத்தது? தன்னுருவப்படத்தில் இருப்பதெல்லாம் ஒருவர் தேர்ந்து வைத்தவை என்பதைக் குழந்தைகள் அந்தக் குரங்கின் வழியாகவே பிடித்துக்கொள்வார்கள்.

வான்கோ காதில் கட்டுடன் 1889 சனவரியில் தீட்டிய படத்தை வயது பார்த்துக் காட்ட வேண்டும். சிறு குழந்தைகளிடம் காதில் காயம்பட்டிருந்தார் என்று சொல்வதோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்தப் படத்தில் ஒரு புதிர் இருக்கிறது. காயம்பட்டது இடது காது, ஓவியத்தில் கட்டுப் போட்டிருப்பது வலது காது. ஏன் என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள். கண்ணாடியின் முன் தன் காதைத் தொட்டுப் பார்க்கும் ஏதாவது ஒரு குழந்தை, கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிகிறது என்ற விடையைச் சொல்லிவிடும். மாதிரியாக உட்காருவோருக்குக் கொடுக்கப் பணமில்லாததால்தான் வான்கோ நல்ல கண்ணாடி ஒன்றை வாங்கித் தம்மையே வரைந்தார் என்பதையும் சொல்லலாம்.

ஒரு படம் தன்னுருவப்படமா, பிறர் வரைந்ததா என்று எப்படி அறிவது என்ற கேள்வியும் இந்த இடத்தில் எழும். கண்ணாடியில் தன் கண்ணைத் தானே பார்த்து வரைவதால், தன்னுருவப்படங்களில் கண்கள் பெரும்பாலும் பார்ப்பவரை நேராக நோக்கும். வலக்கையால் வரையும் ஓவியர் இடக்கையர்போலத் தோன்றுவதும் உண்டு. இவை குறிப்புகளே, விதிகள் அல்ல. சிறுவன் டியூரர் நம்மைப் பார்ப்பதில்லை.

கண்ணாடியின் மேலேயே வரைதல்

தாளுக்குப் போகும் முன் ஒரு சோதனை. வெள்ளைப்பலகைக்கு எழுதும் மார்க்கர் பேனாவைக் கொடுத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, தலையை அசைக்காமல், கண்ணாடியில் தெரியும் தன் முகத்தின் வெளிக்கோட்டைக் கண்ணாடியின் மேலேயே வரையச் சொல்லுங்கள். பிறகு கண்கள், மூக்கின் அடி, உதடுகளுக்கு இடையிலுள்ள கோடு. முடிந்ததும் குழந்தை விலகிக்கொண்டு பார்த்தால், தன் முகம் அவ்வளவு பெரிதாக இருந்தும் கண்ணாடியில் விழுந்த வட்டம் மிகச் சிறியதாக இருப்பது தெரியும். அளவுகோலால் அளந்தால் அது முகத்தின் உயரத்தில் சரியாகப் பாதி இருக்கும். பின்னால் தள்ளி நின்று, கை எட்டும் வரை, மறுபடி வரைந்தாலும் அதே பாதிதான். நம் கண்ணுக்கும் கண்ணாடிக்குள் தெரியும் பிம்பத்துக்கும் நட்டநடுவில் கண்ணாடிப் பரப்பு இருப்பதால் இப்படி ஆகிறது. பெரியவர்களில் பலரும் இதை நம்ப மறுப்பார்கள்; குழந்தைகள் அவர்களை வம்புக்கிழுத்து அளந்து காட்டட்டும்.

வேடிக்கைக்கு அப்பால் இந்தச் சோதனையால் ஒரு பயனும் உண்டு. கண்ணாடியின் மேல் விழுந்த கோடுகளில் கண்கள் எங்கே இருக்கின்றன என்று குழந்தை தானே பார்த்துவிடுகிறது. அந்தக் கோடுகளைத் துடைப்பதற்கு முன் மெல்லிய தாளை வைத்துப் படியெடுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, தாளைப் பார்க்காமல் வரையும் பயிற்சி. பென்சிலை ஒரு அட்டைத் துண்டின் நடுவில் குத்தி நுழைத்துவிட்டால், வரையும் கை அட்டைக்கடியில் மறைந்துவிடும். கண்ணாடியில் முகத்தின் ஓரத்தைக் கண் எறும்பு ஊர்வதுபோல் மெல்லப் பின்தொடர, பென்சிலும் அதே வேகத்தில் நகர வேண்டும். வந்த படம் கோணலாகவும் மூக்கு கன்னத்தில் ஏறியும் இருக்கும், எல்லாரும் சிரிப்பார்கள். நன்றாக வரைபவன் என்று பெயர் வாங்கியவனுடைய படமும் அதே கோணல்தான் என்பதால், எனக்கு வரைய வராது என்று ஒதுங்கி நிற்கும் குழந்தைகளுக்கு இந்தப் பயிற்சி பெரிய ஆறுதல்.

அளவுகள்

எட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் அளவுகளைச் சொல்லிக்கொடுக்கலாம், அதுவும் விதியாக அல்லாமல் கண்டுபிடிப்பாக. நீளமான தாள் பட்டையை ஒரு குழந்தையின் முகத்துக்கு முன் செங்குத்தாகப் பிடித்து, உச்சந்தலை, கண், மூக்கடி, வாய், முகவாய் ஆகியவற்றின் மட்டத்தை நண்பன் குறிக்கட்டும். உச்சியிலிருந்து முகவாய் வரையுள்ள பகுதியை இரண்டாக மடித்தால் மடிப்பு ஏறத்தாழக் கண்களின் மேல் விழும். நெற்றியிலும் தலைமுடியிலும் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்று குழந்தை அந்த இடத்தைச் சுருக்கிவிடுவதால்தான் அது வரையும் கண்கள் மேலே ஏறிப்போகின்றன. இரு கண்களுக்கு நடுவே ஏறத்தாழ ஒரு கண் அகலம் இடைவெளி இருப்பதையும், காது புருவத்துக்கும் மூக்கடிக்கும் இடைப்பட்ட உயரத்தில் அமர்ந்திருப்பதையும் அதே பட்டையைக் கொண்டு பார்த்துவிடலாம். ஒவ்வொரு முகமும் இந்தக் கணக்கிலிருந்து கொஞ்சம் விலகும். எங்கே விலகுகிறதோ அங்கேதான் அந்த ஆளின் சாயல் இருக்கிறது.

முட்டை வடிவம் வரைந்து குறுக்கே கோடுகள் போட்ட அச்சுத்தாளைக் கொடுத்து நிரப்பச் சொல்வது பல வகுப்புகளில் வழக்கமாக இருக்கிறது. அதனால் முப்பது குழந்தைகளுக்கும் ஒரே முகம் கிடைக்கிறது. நான் அதைத் தவிர்க்கச் சொல்வேன்.

நிறம்

வண்ணப் பெட்டியில் தோலின் நிறம் என்று ஒரே ஒரு கிரேயானைத் தேடும் பழக்கம் எங்கும் உண்டு. கிரேயோலா நிறுவனம் வெளிர் இளஞ்சிவப்பு நிறக் கிரேயான் ஒன்றைத் தோலின் நிறம் என்ற பொருளுடைய பெயரில் விற்றுவந்து, 1962இல் அந்தப் பெயரைக் கைவிட்டு, பீச் பழத்தின் பெயரைச் சூட்டியது. ஒரு கிரேயானின் பெயர் யாருடைய தோலைத் தோல் என்று கொண்டது என்ற பேச்சை, பத்து வயதுக் குழந்தைகளோடு தாராளமாகப் பேசலாம்.

நிறத்தைக் கலந்து செய்வதே சிறந்தது. சிவப்பையும் மஞ்சளையும் கலந்து ஆரஞ்சு உண்டாக்கி, அதில் தூரிகை நுனியளவு நீலம் சேர்த்தால் பழுப்பு வரும். மேலும் நீலமும் சிவப்பும் சேர்த்தால் அடர்த்தியாகும், மஞ்சளும் வெள்ளையும் சேர்த்தால் வெளிறும். வெள்ளையை மட்டும் சேர்த்தால் சுண்ணாம்பு பூசியதுபோலாகிவிடும். கறுப்பைச் சேர்த்தால் நிறத்தின் உயிர் போய்விடும். கலந்ததைத் தாள் துண்டில் ஒரு தீற்றல் தீற்றி, காயவிட்டு, மணிக்கட்டின் உட்புறத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். புறங்கையில் வைத்தால் வேறு நிறம் தேவைப்படுவதைக் குழந்தை உடனே கவனிக்கும். காது மடலும் மூக்கின் நுனியும் சிவந்தும், கண்ணடி சற்று இருண்டும் இருப்பதை அதன் பிறகு காட்டலாம்.

இத்தனைக்குப் பிறகும் ஒருவன் தன் முகத்தைப் பச்சையாகத் தீட்ட விரும்பினால் தடுக்கக் கூடாது. 1905இல் பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் தம் மனைவியின் முகத்தின் நடுவே நெற்றியிலிருந்து கீழ்நோக்கி ஒரு பச்சைப் பட்டை இட்டுத் தீட்டிய உருவப்படம் கோபன்ஹேகனில் இருக்கிறது. அந்தப் பட்டை வெளிச்சத்தையும் நிழலையும் பிரிக்கும் வேலையைச் செய்கிறது. ஏன் பச்சை என்று குழந்தையிடம் கேளுங்கள். காரணம் சொல்லத் தெரிந்தால் அது ஓவியனின் முடிவு.

இன்னொருவரை வரைவது

தன்னை வரைந்த குழந்தை, தன் எதிரில் உட்கார்ந்திருப்பவரை வரையும்போது ஒரு பொறுப்பையும் சேர்த்து ஏற்றுக்கொள்கிறது. வரையலாமா என்று முதலில் கேட்க வேண்டும். எப்படி உட்கார வேண்டும், கையில் என்ன வைத்துக்கொள்ள வேண்டும் என்பதில் உட்காருபவரின் விருப்பத்துக்கும் இடம் தர வேண்டும். பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் அசையாமல் இருத்தி வைக்க முடியாது. பிறகு இடம் மாற்றிக்கொள்ளட்டும்.

நேர்முகத்தைவிடப் பக்கமுகம் எளிது. முகலாயச் சிற்றோவியங்களில், குறிப்பாக ஜஹாங்கீர் காலத்துப் படங்களில், மன்னர் பெரும்பாலும் பக்கமுகமாகவே இருப்பார். நெற்றி, மூக்கு, உதடு, முகவாய் என்று ஓடும் ஒரே கோட்டிலேயே ஆள் யார் என்று தெரிந்துவிடும். சுவரில் தாளை ஒட்டி, விளக்கின் முன் நண்பனைப் பக்கவாட்டில் உட்காரவைத்து, விழும் நிழலின் ஓரத்தைக் கோடிழுத்துப் பார்த்தால் குழந்தைகளுக்கு இது விளங்கும். நிழல்களை மட்டும் கலைத்துப் போட்டு யாருடையது எது என்று கண்டுபிடிக்கவும் சொல்லலாம்.

முகமே இல்லாத உருவப்படமும் ஒரு பாடமாகும். 1590-91 வாக்கில் இத்தாலிய ஓவியர் அர்ச்சிம்போல்தோ, பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் முகத்தைப் பழங்களும் காய்களும் தானியங்களும் கொண்டே அமைத்தார். ஒருவர் அன்றாடம் பயன்படுத்தும் பொருள்களை மட்டும் வரைந்து அவரைக் காட்ட முடியுமா என்று கேட்டால், முகத்தை வரையக் கூச்சப்படும் பதினொரு பன்னிரண்டு வயதினர் மிகுந்த ஆர்வத்தோடு இறங்குவார்கள். அந்த வயதில் தன் முகத்தையே கண்ணாடியில் உற்றுப் பார்ப்பது பலருக்குத் துன்பம் தரும் என்பதை ஆசிரியர் மறக்கலாகாது.

மிகச் சிறிய குழந்தைகளுக்கு இவை எதுவும் வேண்டாம். மூன்று நான்கு வயதில் தலையிலிருந்தே காலும் கையும் முளைக்கும் தலைப்பிரட்டை உருவம்தான் வரும். அது அந்த வயதின் முழுமையான படம். அவர்களோடு கண்ணாடியில் முகம் காட்டி விளையாடி, காதைத் தேடி, பல்லை எண்ணிவிட்டு, அதன் பின் வரையவிட்டால் போதும்.

என்னைப் போல இல்லையே

ஒன்பது பத்து வயதில் இந்த முறையீடு நிச்சயம் வரும். நன்றாகத்தான் இருக்கிறது என்று தட்டிக்கொடுத்தால் குழந்தை நம்பாது, ஏனென்றால் உண்மையிலேயே ஒத்துப்போகவில்லை என்பது அதன் கண்ணுக்குத் தெரிகிறது. எந்த இடம் ஒத்துவரவில்லை என்று கேட்டு, அந்த ஒரு இடத்தை மட்டும் மறுபடி கண்ணாடியில் பார்க்கச் சொல்லுங்கள். ஆசிரியர் தாமே பென்சிலை வாங்கித் திருத்தக் கூடாது. காட்ட வேண்டியிருந்தால் வேறு தாளில் வரைந்து காட்டலாம். பிக்காசோ, எழுத்தாளர் கெர்ட்ரூட் ஸ்டைனைப் பலமுறை எதிரில் உட்காரவைத்தும் முகம் பிடிபடாமல், வரைந்த முகத்தை அழித்துவிட்டுப் போய், சில மாதம் கழித்து 1906இல் அவர் எதிரில் இல்லாமலே தீட்டி முடித்தார் என்ற செய்தியும் கைகொடுக்கும். இன்றைக்கு நிறுத்தி வைத்து அடுத்த வாரம் தொடரலாம் என்பது குழந்தைகளுக்கு யாரும் சொல்லித் தராத ஒன்று.

படத்தின் பின்புறத்தில் பெயர், தேதி, வயது ஆகியவற்றைக் குழந்தையே எழுதட்டும். ஆறு மாதம் கழித்து முந்தைய படத்தைக் காட்டாமல் இன்னொன்றை வரையவைத்து, அதன் பிறகு இரண்டையும் அருகருகே வைக்கலாம். சுவரில் ஒட்டுவதானால் எல்லாப் படங்களையும் ஒட்ட வேண்டும், பரிசும் வரிசையும் கூடாது. ஒட்டுவதற்கு முன் ஒவ்வொரு குழந்தையிடமும் தனியாகக் கேளுங்கள். வேண்டாம் என்று சொல்பவரின் படத்தை, காரணம் கேட்காமல், உறையிலிட்டு அவரிடமே கொடுத்துவிட வேண்டும்.